“அந்த வரியை நான் சேர்த்தேன்” என்கிறார், லாக்கில் இல்லை. கமிட் வரலாற்றில் எப்படித் தேடுவது?

பதிவு 1 · மழைத்துளி

வணக்கம் நண்பர்களே. இரண்டு நாளாக ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது.

எங்கள் குழுவில் ஐந்து பேர். கோடில் செய்கிற மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் வேலை செய்கிறோம். ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட், அவற்றை வரிசையாகக் காட்டுவது லாக். கோப்பு பதிவேற்றும் பகுதியில், வருகிற கோப்பின் அளவைப் பார்த்து, மீறினால் மறுத்துவிடும் ஒரு சோதனை இருந்திருக்க வேண்டும். மேக்ஸ்_சைஸ் என்று ஒரு மாறி, அதைச் சுற்றி நாலு வரி. இப்போது அது கோடில் இல்லை. இல்லாததால் பெரிய கோப்பு ஒன்று உள்ளே வந்து சர்வர் படுத்துவிட்டது.

குழுவில் ஆகப் புதியவர், சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது, “நான் அதை எழுதினேன், ரிவ்யூ முடிந்து மெயினில் சேர்ந்தாயிற்று” என்கிறார். (கமிட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும் வரிசை கிளை. எல்லார் வேலையும் வந்து சேரும் பொதுக் கிளை மெயின்.) நான் ‘கிட் லாக் -- அப்லோட்.பை’ போட்டு அந்தக் கோப்பின் வரலாற்றைப் பார்த்தேன். அவர் பெயரே இல்லை. அதே கட்டளையில் ‘--ஆத்தர்’ போட்டு அவர் பெயரைக் கொடுத்தேன், அப்போதும் ஒன்றும் வரவில்லை. ஒரு சொல் எப்போது நுழைந்தது, எப்போது போனது என்று தேடப் பெரிய -எஸ் உதவும் என்று படித்திருந்தேன். ‘கிட் லாக் -எஸ் மேக்ஸ்_சைஸ் -- அப்லோட்.பை’. வெறும் திரை.

காலைக் கூட்டத்தில் “லாக்கில் இல்லையே” என்று நானே சொல்லிவிட்டேன். அவர் அதற்குமேல் எதுவும் பேசவில்லை. அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அதனால்தான் கேட்கிறேன்: லாக்கில் வராதது நடக்காதது என்றே எடுத்துக்கொள்ளலாமா? இல்லை, நான் தேடுகிற விதத்தில் ஏதாவது ஓட்டை இருக்கிறதா?

(கட்டளைகளை ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

பதிவு 2 · தேன்சிட்டு

முதலில் எந்தக் கிளையில் நின்றுகொண்டு தேடினீர்கள் என்று பாருங்கள். ‘கிட் லாக்’ ரெப்போ (கோடும் அதன் வரலாறும் இருக்கும் களஞ்சியம்) முழுவதையும் காட்டாது. நீங்கள் இப்போது நிற்கிற இடத்திலிருந்து பெற்றோர் (அதற்கு நேர் முந்தைய கமிட்), பெற்றோரின் பெற்றோர் என்று பின்னோக்கிப் போய், எட்டுகிறவற்றை மட்டும் காட்டும். வேறு கிளையில் மட்டும் இருக்கிற கமிட் வரவே வராது. ‘--ஆல்’ சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று, உங்கள் கணினியில் இருக்கிற குளோன், அதாவது ரெப்போவின் நகல், முழுக் குளோன்தானா? ‘--டெப்த் 1’ என்று எடுத்திருந்தால் கடைசி ஒரு கமிட்டோடு வரலாறு அறுந்திருக்கும். அறுந்த இடத்தில் லாக்கிலேயே ‘கிராஃப்டட்’ என்று ஒரு குறி தெரியும். தானியங்கி பில்ட் மெஷின்களில் இது சர்வ சாதாரணம். ‘கிட் ஃபெட்ச் --அன்ஷாலோ’ போட்டால் மீதியும் வந்துவிடும்.

பதிவு 3 · இரவுப்பறவை

ஆத்தர் ஃபில்டரில் நான் பலமுறை ஏமாந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ‘--ஆத்தர்’ கொடுப்பது பெயர் அல்ல, ஒரு பேட்டர்ன். கமிட்டில் பதிவாகியிருக்கிற “பெயர் <மின்னஞ்சல்>” என்ற முழு வரியில் அது எங்காவது பொருந்துகிறதா என்றுதான் கிட் பார்க்கும். பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. சின்ன -ஐ சேர்த்தால் அந்த வித்தியாசம் போய்விடும்.

அதைவிட முக்கியம், ஒரே ஆள் இரண்டு கணினியில் இரண்டு பெயரோடு கமிட் செய்திருப்பார். வீட்டு லேப்டாப்பில் செல்லப்பெயர், அலுவலக மெஷினில் முழுப்பெயர். ‘கிட் ஷார்ட்லாக் -எஸ்என்இ’ போட்டால் ஒவ்வொரு பெயருக்கும் எத்தனை கமிட் என்று மின்னஞ்சலோடு வரும். அங்கே ஒரே ஆள் இரண்டு வரியில் நிற்பது தெரிந்துவிடும். ரெப்போவின் மேல்மட்டத்தில் ‘.மெயில்மேப்’ என்று ஒரு கோப்பு வைத்து “இந்த முகவரியும் அந்த முகவரியும் ஒரே ஆள்” என்று எழுதிவிட்டால் லாக் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்.

அப்புறம், ஆத்தர் வேறு, கமிட்டர் வேறு. மாற்றத்தை எழுதியவர் ஆத்தர். அதைக் கடைசியாகக் கமிட்டாகப் பதிந்தவர் கமிட்டர். வேறொருவர் ரீபேஸ் செய்தால், அதாவது அந்த மாற்றத்தை வேறொரு கமிட்டின் மேல் மறுபடி பதிந்தால், கமிட்டர் மாறும், ஆத்தர் மாறாது.

பதிவு 4 · மழைத்துளி

இரண்டையும் செய்து பார்த்தேன். முழுக் குளோன்தான். மெயினில்தான் நிற்கிறேன். ‘--ஆல்’ சேர்த்தும் அந்தக் கோப்புக்கு எதுவும் புதிதாக வரவில்லை. மெர்ஜ் ஆனதும், அதாவது மெயினோடு இணைந்ததும், கிளையை அழித்துவிடுவது எங்கள் வழக்கம், அதனால் அவருடைய கிளை இப்போது இல்லை. ஷார்ட்லாக்கில் அவர் ஒரே பெயர், ஒரே முகவரியோடு இருக்கிறார். மற்ற கோப்புகளில் அவர் கமிட்டுகள் வருகின்றன. இந்தக் கோப்பில் மட்டும் இல்லை.

பதிவு 5 · நூல்கண்டு

தேதி ஃபில்டர் ஏதாவது கூட வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அதில் இரண்டு குழிகள் உண்டு.

ஒன்று, ‘--சின்ஸ்’, ‘--அன்டில்’ இரண்டும் பார்ப்பது கமிட்டர் தேதியை. ஆனால் லாக் வழக்கமாகக் காட்டுவது ஆத்தர் தேதியை. போன மாதம் எழுதிய கமிட்டை நேற்று ரீபேஸ் செய்திருந்தால், “நேற்றிலிருந்து” என்று கேட்கும்போது அது வரும், பக்கத்தில் போன மாதத் தேதி நிற்கும். பார்க்கிறவர் குழம்பிப்போவார். ‘--பிரெட்டி=ஃபுல்லர்’ போட்டால் இரண்டு தேதியும் தெரியும்.

இரண்டாவது எனக்கே வெகுநாள் தெரியாது. ‘--சின்ஸ்=2024-03-01’ என்று தேதி மட்டும் கொடுத்தால் அன்று நள்ளிரவு 12 மணியிலிருந்து என்று நினைப்போம். அப்படி இல்லை. மணி கொடுக்காவிட்டால் நீங்கள் கட்டளை தட்டுகிற நேரத்தையே கிட் எடுத்துக்கொள்ளும். மாலை 4 மணிக்குத் தட்டினால் மார்ச் 1 மாலை 4 மணியிலிருந்துதான். காலையில் ஓட்டும்போது வந்த கமிட் மாலையில் ஓட்டும்போது காணாமல் போகும். மாதாந்தர அறிக்கை எடுக்கிறவர்கள் கட்டாயம் ‘00:00’ சேர்த்துக் கொடுங்கள்.

இதோடு ஒட்டி இன்னொன்றும் உண்டு. ‘--சின்ஸ்’ பின்னோக்கி நடக்கும்போது எல்லையைவிடப் பழைய கமிட் ஒன்றைக் கண்டதும் அந்த வழியில் நின்றுவிடும். யாருடைய கணினியிலாவது கடிகாரம் தவறாக இருந்து ஒரு கமிட் பழைய தேதியோடு பதிந்திருந்தால், அதற்குப் பின்னால் இருக்கிற சரியான கமிட்டுகளும் போய்விடும். 2022-இல் வந்த கிட் 2.37-இல் ‘--சின்ஸ்-ஆஸ்-ஃபில்டர்’ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அது நிற்காமல் கடைசிவரை நடந்து வடிகட்டும்.

பதிவு 6 · பழையகுறடு

மழைத்துளி, தேதியும் பெயரும் உங்கள் சிக்கல் இல்லை என்று நினைக்கிறேன். ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். கடைசியில் இருக்கிற கோப்புப் பெயரை எடுத்துவிட்டுத் தேடுங்கள். ‘கிட் லாக் -எஸ் மேக்ஸ்_சைஸ்’, அவ்வளவுதான். என்ன வருகிறது என்று சொல்லுங்கள்.

பதிவு 7 · மழைத்துளி

வந்துவிட்டது! அவர் பெயரோடு, ஆறு வாரத்துக்கு முந்தைய தேதியோடு, “பதிவேற்ற அளவுச் சோதனை சேர்ப்பு” என்ற தலைப்போடு ஒரு கமிட். உள்ளே திறந்தால் அதே நாலு வரி, அதே அப்லோட்.பை.

‘கிட் பிரான்ச் --கன்டெயின்ஸ்’ என்று அந்த எண்ணைக் கொடுத்துக் கேட்டேன். மெயினில் இருக்கிறது என்கிறது. அதாவது மெயினின் வரலாற்றுக்குள்ளேயே கமிட் இருக்கிறது. கோப்புப் பெயர் கொடுத்தால் மறைகிறது, எடுத்தால் வருகிறது. எனக்குத் தலை சுற்றுகிறது. இன்னொன்றையும் கவனித்தேன். சேர்த்த கமிட் மட்டும்தான் வந்தது. நீக்கிய கமிட் என்று எதுவுமே வரவில்லை. யாரும் நீக்காமல் நாலு வரி எப்படிப் போகும்?

பதிவு 8 · பழையகுறடு

நினைத்தேன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கிட்டைப் பல வருடம் பழகியவர்களுக்கும் இது தெரிவதில்லை.

கோப்புப் பெயர் கொடுக்காமல் லாக் கேட்டால் கிட் எல்லா வழியிலும் நடந்து எல்லாக் கமிட்டையும் பார்க்கும். கோப்புப் பெயர் கொடுத்த உடனே அது வேறு வேலையில் இறங்குகிறது. வரலாற்றைச் சுருக்குகிறது. “இந்தக் கோப்பைத் தொட்ட எல்லாக் கமிட்டையும் காட்டு” என்று நாம் கேட்டதாக நினைக்கிறோம். கிட் எடுத்துக்கொள்ளும் கேள்வி வேறு: “இந்தக் கோப்பு இன்றைய நிலைக்கு எப்படி வந்தது? அதை விளக்கப் போதுமான மிக எளிய வரலாற்றைக் காட்டு.”

எப்படிச் சுருக்கும் என்றால், மெர்ஜ் கமிட்டுக்கு இரண்டு பெற்றோர் இருப்பார்கள். நடந்து வரும் வழியில் ஒரு மெர்ஜ் வந்தால் கிட் அங்கே நின்று பார்க்கும்: மெர்ஜுக்குப் பிறகு இந்தக் கோப்பு எப்படி இருக்கிறதோ, அதே மாதிரி எந்தப் பெற்றோரிடமாவது இருந்ததா? ஒரு எழுத்துகூட மாறாமல் ஒரு பெற்றோரோடு ஒத்துப்போனால் அந்த வழியில் மட்டும் போகும். மற்ற வழியை எட்டிக்கூடப் பார்க்காது. அந்த வழியில் உங்கள் கோப்பைத் தொட்ட பத்துக் கமிட் இருந்தாலும் பத்தும் மறையும்.

உங்கள் கதையில் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துச் சொல்கிறேன். புதியவர் எழுதியது மெயினில் சேர்ந்தது. அதே நேரத்தில் இன்னொருவர் வேறு கிளையில் அதே கோப்பை மாற்றி எழுதிக்கொண்டிருந்தார். அவர் மெயினைத் தன் கிளைக்குள் மெர்ஜ் செய்யும்போது, ஒரே இடத்தை இருவரும் மாற்றியிருந்ததால் மோதல் வந்தது. இரண்டையும் பொறுமையாக ஒட்டாமல் “என் பக்கத்துக் கோப்பையே வைத்துக்கொள்” என்று முடித்துவிட்டார். அந்த நொடியில் நாலு வரியும் போயிற்று. மெர்ஜுக்குப் பிறகான கோப்பு அவர் பக்கத்துக் கோப்போடு அப்படியே ஒத்துப்போகிறது, இல்லையா? ஆகவே கிட் அவர் வழியில் மட்டும் நடக்கிறது. புதியவரின் கமிட் அந்த வழியில் இல்லை. மெர்ஜ் கமிட்டும் “ஒன்றும் மாற்றாத” கமிட்டாகவே கருதப்பட்டுக் காட்டப்படாமல் போகிறது. சேர்த்த தடமும் இல்லை, நீக்கிய தடமும் இல்லை.

இப்படிக் கேளுங்கள்: ‘கிட் லாக் --ஃபுல்-ஹிஸ்டரி -- அப்லோட்.பை’. இந்த முறை சுருக்காது, எல்லாப் பெற்றோர் வழியிலும் போகும். புதியவரின் கமிட்டும் வரும், அதை விழுங்கிய மெர்ஜும் வரும்.

பதிவு 9 · வால்மீன்

இத்தனை வருடம் கிட் பயன்படுத்துகிறேன், இதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வருகிறது. எச்சரிக்கை ஒரு வரி இல்லை, “இன்னும் சில கமிட்டுகள் மறைக்கப்பட்டுள்ளன” என்று ஒரு சொல் இல்லை. வெறும் திரையைக் காட்டினால் “இல்லை” என்றுதானே மனிதர் அர்த்தம் எடுத்துக்கொள்வார்? அந்தப் புதியவர் இடத்தில் நான் இருந்து, கூட்டத்தில் என் வார்த்தைக்கு எதிராக லாக்கைக் காட்டியிருந்தால் நானே என்னைச் சந்தேகப்பட்டிருப்பேன். இயல்புநிலை ‘--ஃபுல்-ஹிஸ்டரி’யாக இருக்க வேண்டும். சுருக்கம் வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

பதிவு 10 · இரவுப்பறவை

கோபம் புரிகிறது. ஆனாலும் இயல்புநிலைக்குக் காரணம் இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும்.

நூறு கிளை வந்து சேரும் ரெப்போவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்பைத் தொட்டது இரண்டு கிளைதான். மீதி 98 கிளையும் அதன் பழைய நிலையைச் சுமந்துகொண்டு வந்து மெர்ஜ் ஆகின்றன. முழு வரலாறு கேட்டால் அந்த மெர்ஜுகளும் வந்து நிற்கும், ஏனென்றால் அவற்றின் ஒரு பெற்றோரிடம் கோப்பு பழையதாக இருக்கும். பெரிய ரெப்போவில் ஓட்டிப் பாருங்கள், பக்கம் பக்கமாக மெர்ஜாகவே ஓடும். வேண்டிய நாலு கமிட்டை அதில் தேட வேண்டியிருக்கும்.

சுருக்கம் பெரும்பாலும் எதையும் இழப்பதும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் கோப்பை மாற்றியிருந்தால் மெர்ஜ் அந்தப் பக்கத்தோடு ஒத்துப்போகும். அந்த வழியில் போனால் எல்லாம் கிடைத்துவிடும். இரண்டு பக்கமும் மாற்றி, இரண்டும் சரியாக ஒட்டப்பட்டிருந்தால் மெர்ஜ் எந்தப் பெற்றோரோடும் ஒத்துப்போகாது. அப்போது கிட் இரண்டு வழியிலும் போகும்.

பதிவு 11 · வால்மீன்

நீங்கள் சொன்னதையே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் மறைவது எது? இரண்டு பக்கமும் கோப்பை மாற்றி, ஒரு பக்கத்தின் உழைப்பு மொத்தமாகத் தூக்கிப் போடப்பட்ட இடம்தானே? ஒரு மனிதர் லாக்கைத் திறந்து “என் வரி எங்கே போயிற்று” என்று தேடுவதற்கு முக்கியமான காரணமே அதுதான். மற்ற நேரம் எல்லாம் சரியாகக் காட்டிவிட்டு அந்த இடத்தில் மட்டும் மௌனம் என்றால் எனக்கு ஒப்பவில்லை.

பதிவு 12 · இரவுப்பறவை

சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். “இன்றைய நிலை எப்படி வந்தது” என்ற கேள்விக்கு இயல்புநிலை நல்ல பதில். “தொலைந்தது எப்படித் தொலைந்தது” என்ற கேள்விக்கு அது பதிலே இல்லை. இரண்டுக்கும் கட்டளை ஒரே மாதிரி இருப்பதுதான் தொல்லை.

பதிவு 13 · மழைத்துளி

பழையகுறடு ஐயா, நீங்கள் சொன்னபடியே நடந்திருக்கிறது. ‘--ஃபுல்-ஹிஸ்டரி’ போட்டதும் அவர் கமிட் வந்தது. அதற்கு மூன்று நாள் கழித்து ஒரு மெர்ஜும் வந்தது. செய்தவர் பெயரையும் பார்த்தேன், அது இங்கே வேண்டாம்.

ஆனால் அந்த மெர்ஜின் எண்ணைக் கொடுத்து ‘கிட் ஷோ’ போட்டால் தலைப்பு, இரண்டு பெற்றோரின் எண், தேதி, அவ்வளவுதான். கீழே டிஃப், அதாவது எந்த வரி சேர்ந்தது, எது போனது என்ற பட்டியல், காலி. நாலு வரி போனது இந்த இடத்தில்தான் என்று எதை வைத்துச் சொல்வது? திங்கட்கிழமை கூட்டத்தில் காட்ட எனக்கு உறுதியான ஒன்று வேண்டும்.

பதிவு 14 · பழையகுறடு

காலியாகத்தான் வரும். மெர்ஜுக்கு ‘கிட் ஷோ’ காட்டுவது கூட்டு டிஃப். எல்லாப் பெற்றோரிடமிருந்தும் மாறுபட்ட கோப்புகளை மட்டுமே அது எடுத்துக்கொள்ளும். உங்கள் கோப்பு ஒரு பெற்றோரோடு அப்படியே ஒத்துப்போகிறதே, அதனால் அதை விட்டுவிடுகிறது. லாக் நிலைமை இன்னும் மோசம். ‘-பி’ போட்டாலும் மெர்ஜ் கமிட்டுகளுக்கு டிஃப் எதையும் காட்டாது. டிஃப் இல்லாததால் பெரிய -எஸ் தேடலும் மெர்ஜுகளுக்குள் பார்க்காது. முன்பு சேர்த்த கமிட் மட்டும் வந்து நீக்கிய இடம் வராததற்கு அதுதான் காரணம்.

சின்ன -எம் சேர்த்துக் கேளுங்கள்: ‘கிட் லாக் --ஃபுல்-ஹிஸ்டரி -எம் -பி -எஸ் மேக்ஸ்_சைஸ் -- அப்லோட்.பை’. -எம் என்றால் மெர்ஜை ஒவ்வொரு பெற்றோரோடும் தனித்தனியாக ஒப்பிடு என்று பொருள். மெயின் பக்கத்துப் பெற்றோரோடு ஒப்பிடும்போது நாலு வரியும் கழித்தல் குறியோடு வரும்.

கிட் 2.36 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ‘கிட் ஷோ --ரீமெர்ஜ்-டிஃப்’ என்று மெர்ஜின் எண்ணைக் கொடுங்கள். கிட் அந்த மெர்ஜைத் தானே மறுபடியும் செய்து பார்க்கும். தானாகச் செய்தால் என்ன வந்திருக்கும், அந்த மனிதர் உண்மையில் என்ன பதிந்தார், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். மோதல் குறிகள் எந்த வரியில் விழுந்தன, அவற்றுக்கு நடுவே எந்தப் பக்கம் எடுக்கப்பட்டது, எந்தப் பக்கம் கைவிடப்பட்டது என்று எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். மெர்ஜ் ரிவ்யூ செய்யும்போது நான் இதைத்தான் பார்க்கிறேன்.

பதிவு 15 · புதுநடை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். கிட் கற்க ஆரம்பித்து மூன்று வாரம்தான் ஆகிறது. பெரிய -எஸ் என்று எல்லாரும் சொல்கிறீர்கள், ‘--கிரெப்’ என்றும் ஒன்று இருக்கிறதே. இரண்டும் ஒன்றா?

பதிவு 16 · நூல்கண்டு

ஒன்றல்ல. ‘--கிரெப்’ தேடுவது கமிட் செய்தியில், அதாவது நீங்கள் கமிட் செய்யும்போது எழுதுகிற குறிப்பில். கோடுக்குள் அது போகாது. இரண்டு ‘--கிரெப்’ கொடுத்தால் இதுவோ அதுவோ என்று எடுத்துக்கொள்ளும். இரண்டும் இருக்க வேண்டும் என்றால் ‘--ஆல்-மேட்ச்’ சேர்க்க வேண்டும். ஆனால் ஒரு ‘--ஆத்தர்’, ஒரு ‘--கிரெப்’ என்று கொடுத்தால் இரண்டும் பொருந்தினால்தான் காட்டும்.

கோடுக்குள் தேடுவது பெரிய -எஸ், பெரிய -ஜி. -எஸ் எண்ணிப் பார்க்கும். இந்தக் கமிட்டுக்கு முன் கோப்பில் அந்தச் சொல் எத்தனை முறை, பின் எத்தனை முறை என்று எண்ணி, எண்ணிக்கை மாறினால்தான் காட்டும். ஒரு வரியைக் கோப்பின் மேலிருந்து கீழே நகர்த்தினால் எண்ணிக்கை அதேதான், ஆகவே காட்டாது. -ஜி அப்படி இல்லை. டிஃபில் சேர்ந்த அல்லது நீங்கிய வரி எதிலாவது அந்தப் பேட்டர்ன் இருந்தால் போதும், காட்டிவிடும். ஒரு சொல் எப்போது பிறந்தது என்று கேட்க -எஸ். அந்தச் சொல் இருக்கிற வரியை யார் யாரெல்லாம் தொட்டார்கள் என்று கேட்க -ஜி.

எனக்கு ஆகப் பிடித்தது பெரிய -எல். ‘கிட் லாக் -எல் 40,60:அப்லோட்.பை’ என்றால் அந்தக் கோப்பின் 40 முதல் 60 வரையிலான வரிகள் மட்டும் எப்படி வளர்ந்தன என்று படிப்படியாகக் காட்டும். மேலே புது வரிகள் சேர்ந்து எண் தள்ளிப்போனாலும் பழைய இடத்தைச் சரியாகத் தொடரும். வரி எண்ணுக்குப் பதில் ஃபங்ஷன் பெயரும் கொடுக்கலாம், முன்னால் ஒரு முக்காற்புள்ளி வைத்து. பைத்தானில் கிளாஸுக்குள் இருக்கும் மெத்தட் என்றால் உள்தள்ளி இருப்பதால் பல நேரம் கண்டுபிடிக்காது. ‘.கிட்ஆட்ரிபியூட்ஸ்’ கோப்பில் ‘*.பை டிஃப்=பைத்தான்’ என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும். யாராவது புதிதாகக் குழுவில் சேர்ந்து “இந்த ஃபங்ஷன் ஏன் இப்படி இருக்கிறது” என்று கேட்டால், நான் விளக்குவதற்கு முன் இதைத்தான் ஓட்டச் சொல்வேன்.

பதிவு 17 · தேன்சிட்டு

பெயர் மாறிய கோப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கோப்புப் பெயர் கொடுத்தால் லாக் அந்தப் பெயர் பிறந்த இடத்தோடு நின்றுவிடும். பழைய பெயரில் இருந்த வரலாறும் வேண்டுமென்றால் ‘--ஃபாலோ’. கிட் பெயர் மாற்றத்தை எங்கும் பதிவதில்லை. ஒரு கோப்பு மறைந்து இன்னொன்று தோன்றினால், இரண்டும் பாதிக்குமேல் ஒத்திருக்கிறதா என்று பார்த்து ஊகிக்கிறது. பெயரையும் மாற்றி உள்ளடக்கத்தையும் அதே கமிட்டில் தலைகீழாக மாற்றினால் தொடர்பு அறுந்துவிடும். பெயர் மாற்றத்தைத் தனிக் கமிட்டாகப் போடுங்கள், பின்னால் தேடுகிறவர் உங்களை வாழ்த்துவார். ‘--ஃபாலோ’ ஒரு நேரத்தில் ஒரு கோப்புக்குத்தான்.

கிட் மாதிரியே இன்னொரு கருவியான மெர்க்குரியலில் இருந்து வந்தவன் நான். அங்கே ரெவ்செட் என்று ஒன்று உண்டு. “இவர் எழுதியது, இந்தக் கோப்பைத் தொட்டது, மெர்ஜ் அல்லாதது” என்று ஒரு வாக்கியம் மாதிரி எழுதிக் கேட்கலாம். கிட்டும் மெர்க்குரியலும் 2005 ஏப்ரலில் சில நாள் இடைவெளியில் பிறந்தவை. வரலாற்றைக் கேட்கிற மொழியில் மெர்க்குரியல்தான் தெளிவு என்பது என் கருத்து. தினசரி வேலை என்னவோ கிட்டில்தான்.

பதிவு 18 · புதுநடை

நன்றி நூல்கண்டு, தேன்சிட்டு. இன்னும் ஒன்று. “என் கிளையில் இருக்கிற, மெயினில் இன்னும் சேராத கமிட்டுகள் மட்டும்” என்று எப்படிக் கேட்பது?

பதிவு 19 · வால்மீன்

‘கிட் லாக் மெயின்..என்-கிளை’. நடுவில் இரண்டு புள்ளி. இடப்பக்கத்தில் எட்டுகிறவற்றைக் கழித்துவிட்டு வலப்பக்கத்தில் எட்டுகிறவற்றைக் காட்டு என்று பொருள். மூன்று புள்ளி வைத்தால் இரண்டில் ஏதோ ஒரு பக்கம் மட்டும் இருக்கிறவை எல்லாம் வரும். ‘--லெஃப்ட்-ரைட்’ சேர்த்தால் எது எந்தப் பக்கம் என்று அம்புக்குறியும் வரும். ‘கிட் டிஃப்’புக்கு இதே புள்ளிகளுக்குப் பொருள் வேறு. லாக்கில் கற்றதை அங்கே அப்படியே கொண்டுபோகாதீர்கள்.

மெயினில் எந்தெந்தக் கிளை எப்போது சேர்ந்தது என்று மேலோட்டமாகப் பார்க்க ‘--ஃபர்ஸ்ட்-பேரன்ட் --ஒன்லைன்’ அழகாக இருக்கும். கிளைகளுக்குள் நடந்த சில்லறைக் கமிட்டுகள் ஒதுங்கி, மெர்ஜுகள் மட்டும் வரிசையாக நிற்கும்.

பதிவு 20 · மழைத்துளி

திங்கட்கிழமை கூட்டம் முடிந்து வந்து எழுதுகிறேன்.

பழையகுறடு ஐயா சொன்ன ‘--ரீமெர்ஜ்-டிஃப்’ வெளியீட்டை அப்படியே திரையில் காட்டினேன். மோதல் குறிகளுக்கு நடுவே புதியவரின் நாலு வரியும் சிவப்பில் நின்றன. யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. மெர்ஜ் செய்தவர் அவராகவே சொன்னார்: அன்று கோப்பு முழுவதும் மோதலாக இருந்தது, தன்னுடைய மாற்றி எழுதிய வடிவம்தான் புதியது என்று நினைத்து ‘கிட் செக்அவுட் --அவர்ஸ்’ போட்டு முடித்துவிட்டாராம். அதே கோப்பில் நடுவே வேறொருவர் எதையாவது சேர்த்திருப்பார் என்று தோன்றவில்லையாம். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவசரத்தில் நானும் அதையே செய்திருக்கக்கூடும்.

புதியவரிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். “லாக்கில் இல்லையே” என்று சொன்னது எல்லார் முன்னிலையிலும்தானே. அவர் பரவாயில்லை என்றார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, இதே மாதிரி விழுங்கப்பட்டது வேறு எங்காவது இருக்கிறதா என்று கடந்த மூன்று மாத மெர்ஜுகளை ஒவ்வொன்றாகத் தேடினோம். ‘கிட் லாக் --மெர்ஜஸ் --ரீமெர்ஜ்-டிஃப்’, தேதியோடு 00:00-உம் சேர்த்து. சுத்தமாக ஒட்டிய மெர்ஜுகளுக்கு டிஃப் எதுவும் வராது, கைவைக்கப்பட்டவற்றுக்கு மட்டும் வரும். 11 மெர்ஜில் கைவைத்திருந்தார்கள். பத்தும் சரியாகவே செய்யப்பட்டிருந்தன. ஒன்றில் மட்டும், வேறொரு கோப்பில், பிழைச்செய்தி ஒன்று பழைய வடிவத்துக்குத் திரும்பிப் போயிருந்தது. அதையும் திருத்தினோம்.

அளவுச் சோதனையை அவரே மறுபடியும் சேர்த்தார். கமிட் செய்தியில் பழைய கமிட்டின் எண்ணையும், அது எந்த மெர்ஜில் போயிற்று என்பதையும் எழுதச் சொன்னேன். இப்போது ‘கிட் லாக் -- அப்லோட்.பை’ என்று வெறுமனே கேட்டாலும் முதல் வரியாக அவர் பெயர்தான் வருகிறது.